மாமாவின் காருக்குப் புது பெல்ட்

கார் என் மாமனாருடையது. சிதம்பரத்தில் அவர் வீட்டு வாசலில் பல வருஷம் உறை போட்டு நின்ற வண்டி. பார்வை மங்கிவிட்டது, இனி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகு சாவியை என் கணவரிடம் கொடுத்தார். கொடுத்தாரே தவிர விட்டுவிடவில்லை. கழுவினாயா, டயரில் காற்று பார்த்தாயா, வெயிலில் நிறுத்தாதே என்று போன் வந்துகொண்டே இருக்கும்.

வண்டி எங்கள் கடலூர் முதுநகர் வீட்டுக்கு வந்த அன்றே நான் அவரிடம் கேட்டேன்.

"மாமா, டைமிங் பெல்ட் எப்ப மாத்துனீங்க?"

"அது என்னம்மா?" என்றார்.

சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் எனக்கு வேலை. டிப்ளமோ முடித்த நாளிலிருந்து பம்பு, மோட்டார், பேரிங், பெல்ட் இவற்றோடுதான் என் பிழைப்பு. அதனால் அந்தக் கேள்வி எனக்குத் தானாக வந்தது. எஞ்சினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்குவதையும் வால்வு திறந்து மூடுவதையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட். ஓடும்போது அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். பிறகு எஞ்சினை மறந்துவிட வேண்டியதுதான்.

மேல்மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். பெல்ட்டின் முதுகு முழுக்க வெடிப்பு. விரலால் தேய்த்தால் கறுப்பாகத் தூள் வந்தது. வண்டியை அப்படியே நிறுத்தச் சொல்லிவிட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை நானே மாற்றுகிறேன் என்றேன்.

என் கணவர் வங்கியில் வேலை பார்ப்பவர். வேண்டாம் என்று என்னிடம் நேராகச் சொல்லாமல் அவர் அப்பாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஓடுற வண்டியப் பிரிக்காதம்மா. ஒர்க் ஷாப்புல விட்டுருங்க."

"அவுங்களும் இதத்தான் பிரிக்கப்போறாங்க மாமா. நான் பிரிச்சா, என்ன பிரிச்சேன், என்ன மாட்டுனேன்னு எனக்குத் தெரியும்."

மாமா விடவில்லை. "மழ வந்தா என்ன பண்ணுவ?" என்றார். அது சித்திரை மாதம். ஒரு பொட்டு மேகம் இல்லை.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் என் அண்ணன் கரையில் இருந்தான். விசைப்படகில் டிரைவர். எஞ்சின் என்றால் கடலூர் துறைமுகத்தில் தனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு அவனுக்கு உண்டு. ஞாயிறு காலையிலேயே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

முன்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் தாங்கி கொடுத்து, வலது சக்கரத்தைக் கழற்றினோம். கழற்றிய போல்ட்டுகளை எவர்சில்வர் தட்டில் கழற்றிய வரிசையிலேயே அடுக்கினேன். அண்ணன் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் வைத்தான். அவன் கையில் ஒரு தட்டு தட்டினேன்.

முதல் வம்பு அடியில் இருக்கும் பெரிய புல்லியின் போல்ட். அசையவே இல்லை. அண்ணன் சுத்தியலைத் தூக்கினான்.

"ரெண்டு போடு போட்டா கழண்டுரும்."

"போட்டா புல்லிய நழுவாமப் புடிச்சிருக்கற சாவிக்கட்ட ஒடியும். வையிண்ணே கீழ."

என் கணவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, எஞ்சின் கூடவே சுற்றாதபடி ஐந்தாவது கியர் போட்டு, பிரேக்கை முழுதாக மிதிக்கச் சொன்னேன். ஸ்பேனர் கைப்பிடியில் பழைய தண்ணீர்க் குழாய் ஒன்றை மாட்டி நானும் அண்ணனும் சேர்ந்து அழுத்தினோம்.

"மச்சான், வுட்டுறாத, மிதி!" என்று அண்ணன் கத்த, "மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் மச்சான்!" என்று உள்ளிருந்து பதில் வந்தது. டக்கென்று போல்ட் இளகியது. நாங்கள் இருவரும் சிமெண்டுத் தரையில் விழுந்தோம். முழங்கையில் சிராய்ப்பு. ஆனாலும் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அதன் பிறகு வேலை என் கைக்கு வந்தது. எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுத்து, அந்தப் பக்கம் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டைக் கழற்றினேன். பெல்ட் ஓடும் மேல் சக்கரத்திலும் கீழ்ச் சக்கரத்திலும் உள்ள குறிகளை நேர்ப்படுத்திவிட்டுப் பழைய பெல்ட்டை உருவினேன். தண்ணீர் பம்பின் ஓரத்தில் பச்சையாகக் கசிவுத்தடம். எதற்கும் இருக்கட்டும் என்று புது பம்பும் வாங்கி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. பம்பு, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், புது பெல்ட் எல்லாம் மாட்டி முடித்தபோது மதிய வெயில் முதுகில் இறங்கியிருந்தது.

ஸ்பேனரால் எஞ்சினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். கீழ்க்குறி சரியாக வந்து நின்றது. மேல்குறி ஒரு பல் தள்ளி நின்றது.

"ஒரு பல்லுதான, ஓடும். ஸ்டார்ட் பண்ணு," என்றான் அண்ணன்.

"ஓடும். நல்லா ஓடாது."

"எல்லாத்துக்கும் ஜாஸ்தி பாக்குற நீ. பசிக்குது எனக்கு."

"நீ போயி சாப்புடு."

அவன் போகவில்லை. முனகிக்கொண்டே பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்தான். டென்ஷனரைத் தளர்த்தி, பெல்ட்டை எடுத்து, மறுபடி மாட்டி, மறுபடி சுற்றினேன். இந்த முறை இரண்டு குறியும் இழை பிசகாமல் நின்றன. அதைப் பார்த்த நிமிஷம் எனக்குள் ஒரு நிம்மதி. இனி யார் என்ன சொன்னாலும் இந்த எஞ்சின் ஓடும் என்று தெரிந்துவிட்டது.

எல்லாவற்றையும் மூடி, கூலண்ட் ஊற்றி, சக்கரம் மாட்டி இறக்கினோம். என் கணவர் சாவியைத் திருப்பினார். எந்தச் சத்தமும் இல்லை. ஒரு விளக்குகூட எரியவில்லை.

அவர் முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்தான். நான் மறுபடி பானெட்டுக்குள் குனிந்தேன். பிறகுதான் கண்ணில் பட்டது, காலையில் நானே கழற்றிவிட்ட பேட்டரி ஒயர். மாட்டி இறுக்கினேன். அடுத்த திருப்பலில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் காது கொடுத்துக் கேட்டேன். தட்டல் இல்லை, உரசல் இல்லை.

"எங்க போட்டு எஞ்சின் மாதிரி சத்தமே வரலியே," என்றான் அண்ணன். அவன் பாராட்டு அவ்வளவுதான்.

ஒரு வாரம் பக்கத்திலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, மறு ஞாயிறு சிதம்பரத்துக்கு நான்தான் ஓட்டினேன். சிப்காட் வாடை வந்ததும் என் கணவர் வழக்கம்போல் கண்ணாடியை ஏற்றினார். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது, "நல்லா இழுக்குது இல்ல?" என்றார்.

மாமா வாசலிலேயே நின்றிருந்தார். வணக்கம் சொல்லவும் விடவில்லை. "ஆஃப் பண்ணாத," என்று கையைக் காட்டிவிட்டு பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பார்வை மங்கியவருக்குக் காது மட்டும் நல்ல கூர்மை. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பிறகு சுற்றி வந்து முன்சீட்டுக் கதவைத் திறந்தார். அது கிரீச்சென்றது. என் கணவர் இறங்கிப் பின்சீட்டுக்கு மாற, மாமா உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"பாத்தியா, இந்தக் கதவு ரொம்ப நாளா சத்தம் போடுது. அடுத்த ஞாயித்துக்கெழம இதயும் பிரிச்சுப் பாரு," என்றார். "இப்ப வண்டிய எடு. மேல வீதிப் பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."