நெட்வொர்க் கார்டு கழன்ற நாள்

அன்று காலை அம்மாவின் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரை நான் ஈரத்துணியால் துடைத்தேன். யாரும் சொல்லாமலே செய்த நல்ல காரியம். முன்பக்கம், பின்பக்கம், ஒயர்கள் நுழையும் ஓட்டைகள் என ஒன்றையும் விடவில்லை. மதியம் இன்டர்நெட் வரவில்லை என்று அம்மா சொன்னதும் ஓடிப்போய் அந்த ஈரத்துணியை ஒளித்துவைத்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை. பிளஸ் டூ முடித்த அக்காவின் கல்லூரி விண்ணப்பத்தை ஆன்லைனில் அனுப்ப அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. அதோடு சேர்க்க வேண்டிய வருமானச் சான்றிதழ் கைக்கு வந்ததே முந்தின நாள்தான். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி அவள் இன்ஜினியரிங் படிக்கப்போவதாக அப்பா ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார். ஊரில் இருந்த இன்னொரு பிரவுசிங் சென்டரிலோ வரிசை ரோடு வரை நின்றது.

அம்மா தன் தம்பிக்குப் போன் போட்டாள். ஏரியூரில் கேபிள் டி.வி. வேலை பார்த்த மாமா பைக்கில் வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. இன்டர்நெட் ஒயரை மாற்றிப் பார்த்தார். கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால், ஒயர் சொருகும் இடத்தில் எரிய வேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை.

“ஒயரு நல்லாத்தான் இருக்குதுக்கா. உள்ள, இந்த ஒயரு போய்ச் சேர்ற நெட்வொர்க் கார்டுலதான் கோளாறு. பழைய பெட்டி. கார்டு போச்சுன்னா தருமபுரிக்குத்தான் போய் வாங்கியாரணும்.”

போய்த் திரும்புவதற்குள் ஐந்து மணி தாண்டிவிடும். அப்பா வந்து கேட்டால்? பெட்டியின் மூடியைக் கழற்றிய மாமா நிமிர்ந்தார்.

“கார்டு பாதி வெளிய வந்து நிக்குது. அதப் புடிச்சிருந்த ஸ்குரூவயும் காணோம். யாரு கை வச்சது?”

“நான்தான் மாமா. தொடச்சேன்,” என்று அழுதேன். ஸ்குரூவை நான் பார்த்ததுகூட இல்லை. துடைத்ததில்தான் போயிருக்கும் என்று நம்பினேன். அம்மா கையை ஓங்கினாள். அக்கா குறுக்கே வந்து என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“அவள அடிக்காதம்மா. சின்னப் புள்ள.”

அவள் கை சில்லிட்டிருந்தது.

மாமா கார்டை உருவி, என் ரப்பரை வாங்கி, அதன் பித்தளை நிற விளிம்பை அழுத்தித் தேய்த்தார். ஊதினார். திரும்பப் பொருத்தி ஆன் செய்தார். நான் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். விளக்கு எரியவில்லை. மறுபடி அணைத்து, இந்த முறை கட்டைவிரலால் அழுத்தி இறக்கினார். கம்ப்யூட்டர் முனகிக்கொண்டே எழுந்தது. பச்சை விளக்கு கண் சிமிட்டியது.

நாலே முக்காலுக்கு விண்ணப்பம் போனது. அக்கா முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள்.

“சந்தோசத்துல அழுவுறா,” என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அக்கா கோயம்புத்தூர் போனாள், படித்தாள், இன்று அங்கேயே வேலையில் இருக்கிறாள். வீட்டைவிட்டுப் போகப் பயந்து, ஸ்குரூவைக் கழற்றி கார்டை இழுத்துவிட்டது தான்தான் என்று, அவள் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் என்னிடம் சொன்னாள். கெட்டுப்போய்விட்டதே என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தபோது, சரியாகிவிடுமோ என்று நடுங்கிக்கொண்டு என் பக்கத்திலேயே ஒருத்தி நின்றிருந்தது எனக்கு அன்று தெரியவில்லை.