அடுத்த தெருவில் ஓர் அறை

பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்துகொடுக்கும் பட்டறையில் அவள் வேலை பார்த்தாள். மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து, ஈறுக்கு நிறம் கூட்டி, மெருகேற்றுவாள். தெருவில் அவளுக்குப் பெயரே பல்லக்கா. மகள் கல்யாணமாகிப் போன பிறகு ஒரு நாள், பாதி முடிந்த பல்செட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

நாத்தனார் சும்மா இருப்பாளா? தியான வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கண்ணை மூடினால் பல்வரிசைதான் தெரிந்தது, அதுவும் கடைவாய்ப்பல் கோணலாக. பாதியில் எழுந்து வந்துவிட்டாள்.

கணவர் பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவர். அவரிடம் சொன்னாள்: "நான் கொஞ்ச நாள் தனியா இருக்கணும்ங்க."

"என் மேல கோவமா?"

"கோவம்னா இங்கேயே இருந்து சண்டை போட மாட்டேனா?"

அடுத்த தெருவில் ஒரு மாடி அறை கிடைத்தது. மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு அவரே முன்னால் நடந்தார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆளுக்கொரு கதை கட்டினார்கள். மகள் போனில் கத்தினாள்: "மாமியார் கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

"அம்மாவுக்குக் காத்து வேணுமாம்னு சொல்லு."

அறையிலும் அதே வெறுமைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று விக்கி விக்கி அழுதாள். மகளுக்கு முன்னால் பிறந்து, ஒரு பகல் மட்டும் உயிரோடிருந்த மகனுக்காக அழுகிறோம் என்பது அழுது ஓய்ந்த பிறகுதான் புரிந்தது. அவன் இறந்தபோது எல்லாரும் மனசைத் தேற்றிக்கொள் என்றார்கள். அவளும் வேலைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் தண்ணீர் கேன் கொண்டுவந்த கணவரிடம், "பையனை நெனச்சு அழுதேன்," என்றாள்.

அவர் கேனை இறக்கவே மறந்து நின்றார். "நான் டிப்போ பாத்ரூம்ல அழுவேன்."

"சொல்லவே இல்லையே?"

"நீ தேறிட்டேன்னு நெனச்சேன்."

அதன் பிறகு அவர் தினமும் வந்தார். பையனைப் பற்றிப் பேச அவர்களிடம் அதிகம் இல்லை. காது யாருடைய சாடை என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் அவள் அறையைக் காலி செய்தாள். நாத்தனார் கேட்டாள்: "அமைதி கிடைச்சுதா அண்ணி?"

"அதெல்லாம் தெரியலடி. ராத்திரி தூக்கம் வருது."