கொளஞ்சியம்மாள் எழுந்திருக்காத கூட்டம்

வாசலில் யாருடைய நிழலாவது விழுந்தால் போதும், கொளஞ்சியம்மாளின் கால்விரல்கள் முதலில் தரையைப் பற்றும். பிறகு கை முந்தானையை இழுத்துச் செருகும். வந்தவர் உள்ளே கால் வைப்பதற்குள் அவள் சுவரோரம் போய் நின்றிருப்பாள். நாற்காலியில் அவள் சூடு மட்டும் மிச்சமிருக்கும்.

கரும்பு வெட்டப் போகிறவள். தொண்ணூற்றாறில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வார்டு மெம்பர் ஆகிவிட்டாள். அப்படி வந்த பெண்களுக்குத் தலைமைப் பண்பை வளர்க்கும்படி அரசாங்கம் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பிய பயிற்றுநர் காசிநாதன். பெண்கள் நிமிர்ந்து பார்த்தாலே தலை குனிந்துகொள்ளும் கூச்சக்காரன்.

"ராஜாங்கம் ஐயா மெம்பரே இல்ல சார்," என்றாள் கொளஞ்சி அவனிடம். "ஆனா மீட்டிங்னா வந்துருவாரு. நான் எழுந்துருவேன், அவரு என் சேர்ல உக்காந்துருவாரு. அப்புறம் அவரு சேர்ல, நான் செவுத்தோரம்."

அவள் கூலிக்குப் போவது அந்த ராஜாங்கத்தின் கரும்புக் கொல்லைக்குத்தான். அடுத்த கூட்டத்தில், ஊருக்கு வரும் ஒரே அடிபம்பு அவள் தெருவுக்கா, ராஜாங்கம் வீட்டு வாசலுக்கா என்று முடிவாகும். மற்ற மெம்பர்கள் இரு பக்கமும் சமமாக இருந்தார்கள். அவள் கைதான் பாக்கி.

காசிநாதன் பயிற்சிப் புத்தகத்தை மூடி வைத்தான். எழாமல் இருக்க அவளைப் பழக்குவதற்காகத் தோளில் துண்டு போட்டு, ராஜாங்கம் போல நடித்தபடி உள்ளே வந்தான். எழுந்தாள். டீ கொண்டுவந்தவருக்கும் எழுந்தாள். ஓர் ஆடு தலையை நீட்டியது. பாதி எழுந்தாள்.

"ஆட்டுக்குமா, அம்மா?"

"யாரு வூட்டு ஆடுன்னு தெரியலியே சார்."

கூட்டத்தன்று காசிநாதன் ஜன்னலோரம் நின்றான். துணைக்கு வந்த நாத்தனார் செவ்வந்தி, கொளஞ்சியின் இரும்பு நாற்காலிக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடினாள். பிறகு வெளியே போய்விட்டாள்.

வாசலில் ராஜாங்கம் இருமினார். கொளஞ்சியின் கால்விரல்கள் தரையைப் பற்றின. காசிநாதன் கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்தபோது அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

"இன்னா கொளஞ்சி, உக்காந்துகினே இருக்க?"

"மீட்டிங்கு நடக்குதுங்க."

"அது தெரியுது. நான் வந்துகினு இருக்கறது தெரியுதா?"

"தெரியுதுங்க ஐயா. வாங்க."

அவள் முகமெல்லாம் வியர்வை. வாங்க என்றாளே தவிர, எழுந்தபாடில்லை. மற்றவர்களும் எழவில்லை. ராஜாங்கத்துக்கு எழுந்து அவர்களுக்குப் பழக்கமே இல்லை. அதெல்லாம் அவள் பார்த்துக்கொள்கிற வேலை. ராஜாங்கம் சுற்றுமுற்றும் பார்த்தார். முழங்கால் வலி என்று முனகியபடி போய்ச் சுவரில் சாய்ந்தார். சரியாக, அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில்.

கொளஞ்சி கையைத் தூக்கினாள். பம்பு அவள் தெருவுக்கு என்று முடிவானது.

எல்லோரும் கலைந்த பிறகும் அவள் எழவில்லை.

"முடிஞ்சிடுச்சும்மா, எழுந்திருக்கலாம்."

"இருக்கட்டும் சார். நீங்க போங்க."

என்ன நிமிர்வு! பஸ்ஸில் கள்ளக்குறிச்சி வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தான் காசிநாதன். அறிக்கையில் 'பயிற்சி முழு வெற்றி' என்று எழுதி, அடிக்கோடும் போட்டான்.

பம்பில் தண்ணீர் வந்தபின் ஒருநாள் அந்தப் பக்கம் போனான். குடத்தோடு நின்ற செவ்வந்தி சிரித்தாள்.

"பயிற்சியா? அட போங்க சார். அண்ணிதான் முந்தானைய சேர் கால்ல கட்டுடின்னுச்சு. எழுந்தா பொடவ வந்துருமே, அந்த பயத்துல உக்காந்துருவேன்னுச்சு. ஐயா இருமுனப்ப ரெண்டு வாட்டி எழுந்திருக்கப் பாத்துச்சாம். நான் போட்டது கரும்புக் கட்டு முடிச்சு, அவுருமா? நீங்க பஸ் ஏறுனப்புறம் கத்தியால அறுத்துதான் வூட்டுக்கு இட்டாந்தேன்."