பெட்டியில் ஐம்பத்தாறு, வயரில் முப்பத்தொன்று

மோடம் மாட்டுகிறவன் பிழைப்பு என்பது, யாரோ அட்டைப்பெட்டியில் அச்சடித்த எண்ணுக்கு நாம் பதில் சொல்கிற பிழைப்பு. தொண்ணூறுகளின் கடைசியில், போன் லைன் வழியாக இன்டர்நெட் பிடிக்க, மோடம் போடும் 'கீ...' சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் தவம் கிடந்தவர்கள் எல்லோரும் என் கட்சிதான்.

ஆறு கஜக் கணக்கு

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி, தென்காசிப் பக்கத்துக்காரர். மோடம் பெட்டியில் வேகம் 56 என்று போட்டிருந்தது. திரையில் வந்ததோ 38. அந்த எண் பிசிறில்லாத லைனுக்கானது என்று விளக்கினேன். நம்முடைய வயர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் புறப்பட்டு, தெருமுனைப் பெட்டி, கம்பம், மழையில் நனைந்த ஜாயின்ட் எல்லாம் தாண்டி வருகிறது. இரைச்சல் கூடினால் மோடம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஆறு கஜம்னு சொல்லி நாலு கஜம் கிழிச்சுக் குடுத்தா, எங்க கடையில யாராவது சேலை எடுப்பாகளா தம்பி?"

டெட்

மந்தைவெளியில் ஒரு வயலின் டீச்சர் மாமி. அமெரிக்காவில் இருந்த மகள் வசந்திக்கு இடது கை விரலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மறுபடி வாசிக்க வருமா என்பதுதான் அந்த வீட்டின் ஒரே கவலை. போனில் வாசித்துக் காட்டினாளாம். பேச்சுக்கென்று போட்ட லைனில் கமகமெல்லாம் வடிந்துபோய், தகரத்தைச் சுரண்டுகிற மாதிரிதான் கேட்டதாம். அதனால் பதிவு செய்து ஈமெயிலில் அனுப்பியிருந்தாள். அந்தப் பதிவும் மோடம் வழியாக அதே குறுகலான லைனில்தான் நுழைந்து வர வேண்டும் என்பதை நான் மாமியிடம் சொல்லவில்லை.

முக்கால்வாசி இறங்கியதும் இணைப்பு அறுந்துவிடும், திரும்பவும் முதலிலிருந்து. நான் போய் உட்கார்ந்த அன்றும் கண்ணெதிரே அறுந்தது. சமையலறைக்குப் போய்ப் பார்த்தால், அங்கே அதே லைனில் இன்னொரு போன்; அதை எடுத்தாலே இணைப்பு அறுந்துவிடும். ரிசீவர் மாமாவின் காதில்.

"ரொம்ப நாழியா மணியே அடிக்கலை. டெட் ஆயிடுத்தோன்னு எடுத்துப் பாத்துண்டிருந்தேன்!"

வசந்தி வாசித்தாள்

சமையலறை போனைக் கழற்றினேன். மாமா அதை மடியில் வைத்துக்கொண்டு காவல் உட்கார்ந்தார். வெளியே நல்ல மழை. வேகம் 31தான் காட்டியது. ஆனால் அறவில்லை. திரையில் ஊர்ந்த கோடு ஒருவழியாக நிரம்பியது.

ஸ்பீக்கரில் வயலின் எழுந்தது. நனைந்த செம்புக் கம்பியில், அத்தனை இரைச்சலுக்கு நடுவே, ஒரு விரலின் அசைவு கடல் தாண்டி வந்து சேர்ந்துவிட்டது.  தினமும் இதையே மாட்டிக்கொண்டிருந்தும், என்ன மாட்டுகிறேன் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மாமி கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார். மாமா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமி கண்ணைத் திறந்தார்.

"சுண்டு விரல் இன்னும் பயப்படறது. ஆனா வாசிக்கறா... வாசிச்சுடுவா."

பெட்டியில் போட்ட ஐம்பத்தாறை நான் கடைசிவரை எந்த வீட்டிலும் கண்டதில்லை, ஆனால் அன்றிலிருந்து யார் குறை சொன்னாலும் மோடத்தின் பக்கம் நின்று வாதாட ஆரம்பித்துவிட்டேன்.