பட்டியலில் நான் எழுதாமல் விட்ட பெயர்

ஒரு மனிதரின் பெயரை வேண்டுமென்றே பட்டியலில் எழுதாமல் விட்டேன். கை தவறவில்லை, மறதியும் இல்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் விட்டேன். மண்சரிவுக்குப் பிறகு எங்கள் முகாமில் நடந்த நல்ல காரியங்களைப் பற்றி எழுதித் தரும்படி சிலர் கேட்டார்கள். நல்ல காரியங்கள் நிறைய நடந்தன. ஆனால் நான் எழுதுவதென்றால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். அந்த மழை மூன்று நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் பகல், மேல் மலையிலிருந்து மண் இறங்கி, தொழிலாளர் குடியிருந்த இரண்டு லயங்களையும் அதற்குக் கீழே இருந்த சில வீடுகளையும் மூடிவிட்டது. தோண்டி எடுக்கப்பட்டவர்களைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. அதில் இரண்டு பேர் என்னிடம் படித்த பிள்ளைகள்.

பள்ளிக்கூடம் மேட்டில் இருந்ததால் தப்பியது. உயிரோடு இருந்தவர்கள் எல்லோரும் அங்கே வந்தார்கள். பேராதனைக்குப் போகும் ரோடு பல இடங்களில் மண்ணுக்குள் போயிருந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. இரண்டு நாள் கழித்து, தங்கள் வண்டிகளை மண்ணுக்குக் கொடுத்துவிட்ட த்ரீவீல்காரர்கள் இரண்டு பேர் வந்து, "டீச்சர், நாங்க நடந்தே பேராதனைக்குப் போறோம். யாருக்கு என்னா மருந்து வேணும்னு எழுதிக் குடுங்க" என்றார்கள். எனக்குச் சிங்களத்திலும் எழுதத் தெரியும் என்பதால் பெயர் எழுதும் கொப்பி என் கைக்கு வந்தது.

பெயர், வயது, விலாசம், மருந்து என்று கோடு போட்டேன். விலாசத்துக்கு ஒரு கோடு போட்டது என் முட்டாள்தனம். வந்தவர்கள் எல்லோரும் ஒரே விலாசத்தைத்தான் சொன்னார்கள். எங்கள் தோட்டத்தில் லயத்துக்கு நம்பர் உண்டு, அதிலுள்ள ஒவ்வொரு காம்பரா அறைக்கும் நம்பர் உண்டு. தபாலுக்கு அதெல்லாம் கிடையாது. தோட்டத்தின் பெயர், கலஹா, அவ்வளவுதான். அத்தனை குடும்பத்துக்கும் வரும் கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கே பெரிய கிளாக்கர் அவற்றைப் பிரித்து வைத்து, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்கு ஆட்கள் கூடும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். கொடுக்க விரும்பினால் கொடுப்பார்.

எனக்கு இருபது வயதில் ஒரு கடிதம் வந்தது. தாதியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சைக்கு அழைத்திருந்தார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து அந்தப் பரீட்சை எழுதிய முதல் பெண் நான். அப்பா ஆபீசுக்குப் போய்ப் போய்க் கேட்டார். வரவில்லை என்றார் பெரிய கிளாக்கர். கடைசியில் அந்தக் கடிதம் என் கைக்கு வந்தபோது நேர்முகப் பரீட்சை முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. உறையில் கலஹா தபால் முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. கலஹாவுக்கு வந்து முப்பது நாளுக்கு மேல் அது அந்த ஆபீசில் கிடந்திருக்கிறது.

பிறகு டீச்சர் வேலை கிடைத்ததே, அதற்கென்ன குறை என்பார்கள். குறை ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு வேண்டியது அது இல்லை. முப்பது வருடத்துக்கு மேலாக நான் அந்த மனிதரை நினைத்துக் கறுவிக்கொண்டுதான் இருந்தேன். அவர் ஓய்வுபெற்று, தோட்டத்து எல்லையில் சின்ன வீடு கட்டி, மனைவி செத்து, மகள் கனடாவுக்குப் போய், தனியாகக் கிடந்த காலத்திலும் என் கறுவல் குறையவில்லை. வழியில் கண்டால் அடுத்த பக்கம் திரும்பிப் போவேன்.

அந்த வீட்டைத்தான் மண் கொண்டுபோயிருந்தது. மூக்குக் கண்ணாடியும் இல்லாமல், யாரோ கொடுத்த பெரிய சட்டையோடு, மருந்து எழுதும் வரிசையில் என் முன்னால் வந்து நின்றார்.

"இன்சுலின் எண்டு எழுதுங்கோ டீச்சர்" என்றார். "ரெண்டு நாளாப் போடேல்லை. மருந்தெல்லாம் வீட்டோட போட்டுது."

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வாழ்நாள் முழுக்க எங்கள் மத்தியில் இருந்தவர். எங்களில் யாருக்கும் அவர் வாயிலிருந்து மரியாதையாக ஒரு 'ங்கோ' வந்ததில்லை. அன்றைக்குத்தான் வந்தது. எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"கிளாக்கரய்யா, எனக்கு ஒரு கடிதம் வந்திச்சே, நர்ஸ் வேலைக்கு. நேரத்துக்கு நீங்க குடுக்கல. ஞாபகம் இருக்கா?"

கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எத்தினையோ கடிதம் வந்தது பிள்ளை. எனக்கு நினைவில்லை."

"சரி, போய் உக்காருங்க" என்றேன். அவருக்குப் பின்னால் நின்ற அம்மாவின் பெயரையும் ஆஸ்துமா மருந்தையும் எழுதினேன். பட்டியலை ஒரு தாளில் பார்த்து எழுதி, மடித்து த்ரீவீல்காரர்களிடம் கொடுத்தேன். அவர்கள் மண்ணில் இறங்கி மறையும் வரை வாசலில் நின்று பார்த்தேன். உண்மையைச் சொல்வதானால், அன்று எனக்கு நன்றாகப் பசித்தது. யாரோ கொண்டுவந்த சோற்றுப் பார்சலை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

மறுநாள் அவர்கள் மருந்துகளோடு வந்தார்கள். நான் பெயர்களை வாசித்தேன். ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். பிரட்டில் அவர் கடிதம் கொடுத்த மாதிரியே நிறுத்தி நிதானமாக வாசித்தேன். அவர் சுவரோரமாக உட்கார்ந்து தன் பெயருக்காகக் காத்திருந்தார். கொப்பியை மூடினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. என் அப்பாவாவது போய்க் கேட்டார்.

எனக்கு ஆத்திரம் வந்ததெல்லாம் மற்றவர்கள் மேல்தான். அந்த முகாமில் அவரிடம் திட்டு வாங்காத ஆள் இல்லை. இருந்தும் ஆளாளுக்கு அவரைத் தாங்கினார்கள். புருசனை மண்ணுக்குக் கொடுத்த ஒரு பெண், தனக்குக் கிடைத்த ஒரே போர்வையை அவருக்குப் போர்த்திவிட்டாள். கீழே சிங்கள ஊரிலிருந்து ஆட்கள் தலையில் சுமந்து வந்த அவித்த பலாக்காயில் முதல் தட்டு அவருக்குப் போனது. "இந்தாளு நமக்கு என்னா செஞ்சிருக்காருன்னு மறந்துட்டியா?" என்று போர்வைக்காரியைக் கேட்டேன்.

"மறக்கல டீச்சர். ஆனா ராத்திரிக்குக் குளிரும்ல" என்றாள். அவ்வளவுதான் அவளுடைய நியாயம். எனக்கு அவளை உலுக்க வேண்டும் போல இருந்தது.

அதற்கடுத்த நாள் காலையில் அவர் தண்ணீர் தண்ணீர் என்று குடித்து, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தார். பேச்சு குழறியது. கலஹா டவுனில் இருந்து மிட்வைஃப் நடந்து வந்திருந்தார். முஸ்லிம் பெண், என் வயதுதான் இருக்கும், முழங்கால் வரை சேறு. விரலில் குத்திச் சீனி பார்த்தார். மெஷின் காட்ட முடியாத அளவுக்கு ஏறியிருந்தது. கொப்பியை வாங்கிப் புரட்டினார்.

"இவர்ட பேரு லிஸ்ட்ல இல்லியே டீச்சர். ஏன்?"

அப்போது சுவரோரத்திலிருந்து சத்தம் வந்தது.

"நான்தான் சொல்லேல்லை, மிஸ்ஸி. மறந்துபோனன்."

அந்தப் பொய் என்னைக் காப்பாற்றியது என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. முப்பது வருடம் காத்திருந்து நான் செய்த ஒரே ஒரு காரியத்தையும் அந்த மனிதர் தன் பெயரில் எழுதிக்கொண்டுவிட்டார். "நான்தான் விட்டேன்" என்று அந்த இடத்திலேயே கத்தியிருக்கலாம். கத்தவில்லை. பிள்ளைகள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த மண்ணுக்குள்ளால ஆளைத் தூக்கிட்டுப் போக ஏலாது" என்றார் மிட்வைஃப். "இன்டைக்குள்ள மருந்து வரணும். இல்லாட்டி மனுசன் தங்க மாட்டார்." ஒரு துண்டில் எழுதினார். த்ரீவீல்காரர்கள் அன்று சடலம் தேடும் இடத்தில் இருந்தார்கள்.

"குடுங்க, நான் போறேன்" என்றேன்.

போகும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டேதான் நடந்தேன். மண் இடுப்பு வரை இழுத்த இடத்தில் என் செருப்பு இரண்டும் போயின. அதற்கும் அவரைத்தான் திட்டினேன். பாதி வழியில், குசினிப் பக்கம் இடிந்து விழுந்த ஒரு வீட்டு வாசலில் சிங்களப் பெண் ஒருத்தி என் காலைப் பார்த்துவிட்டு, தன் செருப்பைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை. யாருக்கு மருந்து, அப்பாவுக்கா என்று விசாரித்தாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு விளக்கிக்கொண்டு நிற்க நேரமில்லாததால் ஆமாம் என்றேன். புத்தர் காப்பாற்றுவார் என்றாள். என் சொந்த அப்பா, கடிதம் வந்த அன்று வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. அந்தச் செருப்போடு மிச்ச வழியை அழுதுகொண்டே நடந்தேன்.

பேராதனை ஆஸ்பத்திரியில் மருந்தை ஐஸ் போட்ட ஒரு பிளாஸ்கில் வைத்துக் கொடுத்தார்கள். இருட்டுவதற்கு முன்னால் திரும்பி வந்துவிட்டேன். மிட்வைஃபைப் பக்கத்துத் தோட்டத்தில் பிரசவத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வரும்வரை காத்திருந்து, ஒரு தோடம்பழத்தில் ஊசியைக் குத்தி, எவ்வளவு ஏற்ற வேண்டும், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினார். "அவருக்குக் கண்ணாடி இல்லாம கோடு தெரியாது. காலையும் பின்னேரமும் நீங்கதான் போடணும்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

பிளாஸ்கோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏன் அப்படிப் பொய் சொன்னீங்க? நான்தானே எழுதாம விட்டேன்."

"தெரியும்" என்றார். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல வந்தது. "நாப்பது வரியம் கிளாக்கரா இருந்தனான். எழுதுற பேனையும் எழுதாத பேனையும் எனக்குத் தெரியும்."

பிளாஸ்கின் மூடியைத் திருகித் திறந்தேன்.

"நினைவில்லை எண்டதும் பொய்தான் பிள்ளை. உங்கட அப்பா மூண்டு தரம் வந்து கேட்டவர். மூண்டு தரமும் அந்தக் கடிதம் என்ரை மேசை லாச்சிக்குள்ளதான் இருந்தது."

"எதுக்கு?"

"அதுக்கு முதல் ஒருநாள், கால் வீக்கத்தோட ஆபீசுக்கு வந்தவர். நான் சொல்லாமல் கதிரையிலை இருந்திட்டார். அதுக்குத்தான்."

வேலைநிறுத்தம், சங்கத் தகராறு, பரம்பரைப் பகை என்று முப்பது வருடமாக நான் எத்தனை காரணம் யோசித்திருப்பேன்! ஒரு கதிரை. கால் வீங்கிய ஒரு மனிதன் ஒரு கதிரையில் உட்கார்ந்துவிட்டான். அந்தக் கழுத்தை நெரித்துவிடலாம் போல இருந்தது எனக்கு. அந்தக் கோபத்தோடு ஊசி போட முடியாது என்பதற்காக வெளியே போய், குழாயடியில் முகம் கழுவிவிட்டு உள்ளே வந்தேன்.

"உங்களை நான் மன்னிக்கல" என்றேன். "அதை மட்டும் நல்லா ஞாபகம் வெச்சிக்கோங்க."

"ஓம்" என்றார்.

சட்டையைத் தூக்கினேன். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து, மிட்வைஃப் காட்டிய மாதிரியே நேராகக் குத்தினேன். மருந்தை மெதுவாக ஏற்றினேன். என் வாழ்க்கையில் ஒரு மனிதருக்கு நான் போட்ட முதல் ஊசி அது. கை கொஞ்சமும் தப்பவில்லை. போர்வைக்காரி பக்கத்தில் நின்று பார்த்து, "நர்ஸ் மாதிரியே போடுறீங்க டீச்சர்" என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் அது கேட்டது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக இறங்கியது.

"நோகேல்லைப் பிள்ளை" என்றார்.

கொஞ்சம் நொந்திருக்கலாமே என்றுதான் எனக்கு இருந்தது. மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் எழும்பி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு அவரிடம் போனேன்.