மூடிக்கு மேலே குழல்

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். இது நிஜமாக நடந்தது. என் அக்காள் வீட்டுக்காரருக்கு, பட்டப்பகலில். பேய் என்றாலே முகம் சுளிக்கிற மனிதர் அவர்.

டாங்கி பொம்மை செய்வது அத்தானுக்குப் பைத்தியம். பொம்மை என்றால் கோபம் வரும். மாடல் என்று சொல்ல வேண்டும். ஒரே டாங்கியில் பல ரகம் உண்டாம். ஒரு திருகாணி மாறினாலும் மொத்தத்தையும் பிரித்துப் போடுவார். வீட்டில் அவருக்கு ‘மில்லிமீட்டர்’ என்று பட்டப்பெயர்.

அம்மாவுக்காக, அப்பா போரில் ஓட்டிய டாங்கியைச் செய்ய உட்கார்ந்தார். குண்டு பட்ட நொடியிலேயே அப்பா போய்விட்டார் என்று படையில் சொல்லியிருந்தார்கள். வலி தெரியாமல் போனார் என்பதுதான் அம்மாவுக்கு இத்தனை வருடமும் ஒரே ஆறுதல்.

வாங்கிய மாடல் பெட்டியில் வந்தது பிந்திய ரகம். அதில் டிரைவர் தலைக்கு மேலுள்ள மூடி பக்கவாட்டில் நகரும். அம்மாவிடம் இருந்த, அப்பாவின் எரிந்த டாங்கியின் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்த அத்தான், அப்பாவுடையது முந்திய ரகம் என்று கண்டுபிடித்தார். அதில் மூடி மேல்நோக்கித்தான் திறக்கும். படத்தில் பீரங்கிக் குழல் அந்த மூடிக்கு நேர் மேலே நின்றது. மூடியை மாற்றி, குழலையும் அப்படியே ஒட்டினார்.

ஞாயிறு மதியம். வெளியே மழை. அக்கா கடைக்குப் போயிருந்தாள். அத்தான் கை கழுவிவிட்டு வந்தார்...

குழல் விலகியிருந்தது.

பசையைத் திட்டிக்கொண்டே மறுபடி நேராக ஒட்டினார்.

டொக் டொக்... டொக்.

சத்தம் ஜன்னலில் இல்லை. கதவிலும் இல்லை.

டொக் டொக்... டொக்.

மாடலைக் கையில் எடுத்தார். உள்ளங்கையில் அதிர்ந்தது. சுட்டது.

சத்தம் வேகமெடுத்தது...

குழலைப் பிய்த்துத் திருப்பினார்.

நின்றது.

அக்கா வந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தார்.

“படத்துல குழல் நேரா இருக்குன்னீங்களே?”

“தப்பாவே இருக்கட்டும், விடு.”

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததும்தான் அக்காவுக்கு உதறல் எடுத்தது.

மாடல் அம்மா வீட்டு அலமாரிக்குப் போனது. கொஞ்ச நாள் கழித்து, அப்பாவோடு அதே டாங்கியில் பீரங்கி சுட்டவர் அம்மாவைப் பார்க்க வந்தார். மாடலைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. அத்தானையும் என்னையும் வாசலுக்குக் கூட்டிப்போனார்.

“குழல் இப்படி இல்ல தம்பி. உங்கப்பா மூடிக்கு மேல நின்னுச்சு. எவ்வளவு முயன்றும் திருப்ப முடியல. அவரால மூடியத் திறக்க முடியல. உள்ள இருந்து தட்டிக்கிட்டே இருந்தாரு...”

“எப்படித் தட்டினாரு?” அத்தான் கேட்டார்.

அவர் வாசற்கதவில் விரலை மடக்கித் தட்டிக் காட்டினார். இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று.

“குழலைத் திருப்புன்னு அர்த்தம்.”

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “டேய், இந்தக் குழல் கோணலா இருக்கே, நேரா வச்சிடட்டுமா?”

“வேண்டாம்!”

மூன்று பேரும் சேர்ந்து கத்தினோம். ஏன் என்று அம்மா கேட்டாள். இன்றுவரை யாரும் சொல்லவில்லை.