மூன்று குட்டை உளிகள்

குஞ்சிதபாதம் என் கடைக்கு வந்து குட்டை உளி கேட்ட அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே நாலு அறை விட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

வடக்குத்து ஊரில் இருபது வருடமாக ஹார்டுவேர் கடை நடத்துகிறேன். தச்சர்கள் உளி வாங்கும் லட்சணம் எனக்கு அத்துப்படி. நீளமானதைத்தான் எடுப்பார்கள். சாணை பிடிக்கப் பிடிக்க உளி தேயும், நீளமாக இருந்தால் பல வருடம் உழைக்கும் என்பது அவர்கள் கணக்கு. சென்னை மொத்தக் கடைக்காரன் தவறுதலாக அனுப்பிய குட்டை உளிப் பெட்டி ஒன்று, எல்லாம் உள்ளங்கை நீளம், பட்டை பட்டையான அகலம், மூன்று வருடமாகப் பரணில் தூசி தின்றுகொண்டிருந்தது.

"என்னாப்பா, புதுசுலயே தேஞ்சு போன உளி கேக்கற?" என்றேன்.

"கதவுல கீல் உக்கார்ற பள்ளம் வெட்டத்தான் சண்முகம். அகலமா இருந்தா ஒரே சீவுல அடி சமமாயிடும். குட்டையா இருந்தா வாய்கிட்டயே புடிச்சிக்கலாம்."

சொன்னது நியாயம்தான். பெட்டியை இறக்கி வைத்தேன். அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தான். முதுகை மேசையில் வைத்து அழுத்தி, ஆடுகிறதா என்று பார்த்தான். பிடியை உள்ளங்கையில் வைத்து, ஆள்காட்டி விரல் இரும்புவரை எட்டுகிறதா என்று பார்த்தான். கூர் பார்க்க ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதுதான் கவனித்தேன். நுனி ஓர் இடத்தில் நிற்கவில்லை. மேசையில் படுக்க வைத்ததும் நின்றுவிட்டது. மறுபடி தூக்கினான், மறுபடி ஆடியது. கை நடுக்கம்.

நீள உளி என்றால் அந்த நடுக்கம் நுனியில் பெரிதாகத் தெரியும். குட்டை உளியின் அகலமான முதுகு மரத்தில் படிந்துகொள்ளும், மரமே கையைப் பிடித்து நிறுத்தும். அதற்காகத்தான் வந்திருக்கிறான். ஒன்று, ஒன்றேகால், ஒன்றரை அங்குலம் என்று மூன்றை எடுத்துக்கொண்டான். நான் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவனுடைய அப்பா வளையமாதேவிப் பக்கம் அடுத்தவர் வயலில் அறுப்பு அறுத்தவர். இவன் பதினெட்டு வருடம் பக்கத்துச் சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காக அலைந்து, குவார்ட்டர்ஸ் கதவுகளைச் சரிபார்க்கும் கான்ட்ராக்ட் வேலை செய்தான். அது நின்ற பிறகு, ரிட்டயர் ஆகிறவர்கள் வடக்குத்தில் மனை வாங்கிக் கட்டுகிற வீடுகள்தான் சோறு போட்டன. அவன் மாட்டிய கதவு ஐப்பசி மழையிலும் நிலையில் இடிக்காது என்று பேர். அந்தப் பேர் ஒன்றுதான் சொத்து. கை நடுங்குகிற ஆசாரியிடம் தேக்குப் பலகையை எவன் கொடுப்பான்? விஷயம் வெளியே தெரிந்தால் அன்றோடு பிழைப்பு முடிந்தது. டாக்டர் நரம்புக் கோளாறு என்றாராம், போகப் போகக் கூடும் என்றும் சொல்லிவிட்டாராம்; இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது மனைவி ருக்குமணிக்கு மட்டும் தெரியும். சிந்தாமல் இருக்க, டீயை அரை டம்ளர்தான் ஊற்றிக் கொடுப்பாளாம்.

கூட வேலை செய்கிற இளவழகனிடம்கூட அவன் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடக் கூட்டு. நாற்பது வயதுக்காரன், வாயாடி, இவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். ஆழமான துளை வெட்டும் வேலையையெல்லாம், இடுப்பு வலி என்று சொல்லி அவனிடம் தள்ளிவிட்டு, குஞ்சிதபாதம் கீல் பள்ளத்தோடு நின்றுகொண்டான். ஆறு மாதம் ஓடியது.

இந்தப் பக்கத்து ஆசாரிகள் மேசை போட்டு வேலை செய்வதில்லை. பலகை தரையில் கிடக்கும். ஒருவன் எதிரே உட்கார்ந்து பாதத்தால் அழுத்திப் பிடிப்பான், மற்றவன் வெட்டுவான். இவர்களில் பிடிக்கிறவன் இளவழகன். பலகையை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் போட்டிருக்கலாம், என் கடையிலேயே தொங்குகிறது. ஆனால் பன்னிரண்டு வருடம் கால் வைத்தவனிடம் திடீரென்று காலை எடு என்றால், ஏன் என்று கேட்பான். அந்தக் கேள்விக்குப் பயந்து, நடுங்கும் கையின் முன்னால் கூட்டாளியின் காலை வைத்தே வெட்டினான் பாவி.

ஆவணி மாதம், ஒரு ரிட்டயர்டு போர்மேன் வீட்டு வாசல் கதவு. மூன்றாவது கீல் பள்ளம். கொட்டாப்புளி, அந்த மரச்சுத்தி, உளியின் தலையில் விழுந்த நேரத்தில் உளி பிடித்த கை துள்ளியது. ஒன்றரை அங்குல உளி பள்ளத்தைத் தாண்டி நேரே இளவழகனின் பாதத்தில் இறங்கியது. குறுகலான உளியாக இருந்தால் ஒரு குத்தோடு போயிருக்கும். இது அகலம். கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் தூக்குகிற நரம்பு இரண்டையும் சேர்த்து அறுத்துவிட்டது.

நாலாம் நாள் நானும் குஞ்சிதபாதமும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தைத்திருக்கிறார்கள், ஆனாலும் விரல் பழையபடி தூக்காது, பாதம் ஊன்றி உட்கார்ந்து செய்கிற வேலை இனி கஷ்டம் என்று டாக்டர் சொன்னதை இளவழகன் மனைவி பொற்கொடி சொன்னாள். சொல்லிவிட்டு வெளியே போய் அழுதாள்.

குஞ்சிதபாதம் கட்டில் ஓரத்தில் நின்றான். கை இப்போது ஒளிக்க முடியாதபடி ஆடியது.

"எனக்குக் கை நடுங்குதுடா. ஆறு மாசமா மறைச்சிகினு இருந்தேன்."

"தெரியும்ணே."

"எப்பலேர்ந்து?"

"அந்தக் குட்ட உளிய நீ வாங்கியாந்த அன்னிலேர்ந்து."

"தெரிஞ்சா ஏன்டா காலை வச்ச? எடுத்திருக்கலாமில்ல?"

இளவழகன் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "எடுத்தா, எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சிடுமேண்ணே. அப்புறம் நீ உளியே தொட மாட்ட."

குஞ்சிதபாதம் என் பக்கம் திரும்பினான்.

"அன்னிக்குக் கடையில நீயும் பாத்துகினுதான இருந்த, சண்முகம்?"

"பாத்தேன்" என்றேன்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்டா. யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னுதான் இருந்தேன்."